பொட்டு வைத்த டாம்பர்

போன மாதம் பேட்டரி ஸ்கூட்டர் பார்க்கலாம் என்று என் மகன் என்னைப் பெரம்பலூருக்குக் கூட்டிப் போனான். கடையில் டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர் பின்சக்கரத்தைச் செல்லமாகத் தட்டி, "அங்கிள், மோட்டார் இதுக்குள்ளயே இருக்கு. வேகத்தைக் கண்டுபுடிக்க தனியா சென்சார் கிடையாது. மோட்டார் தர்ற பேக் வோல்ட்டேஜை வச்சே தெரிஞ்சுக்கும். லேட்டஸ்ட் டெக்னாலஜி" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. "அப்பா, உடம்பு சரியில்லையா?" என்று மகன் கேட்டான். வீடு வந்து சேரும்வரை பொறுத்துக்கொண்டேன். லேட்டஸ்டாம்! இந்த லேட்டஸ்ட் டெக்னாலஜி தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஆயுதபூஜை அன்று ஓடியதால்தான் இவன் அம்மாவை எனக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஓடாமல் போயிருந்தால் ஸ்கூட்டர் வாங்க இவனே இருந்திருக்க மாட்டான். அந்தக் கடைக்காரரிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியசாமி. தா.பழூர் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தேன், மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் வார்னிஷ் வாசனையோடு சில வருஷம் இருந்தேன், பிறகு அரியலூருக்கும் செந்துறைக்கும் நடுவே ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஷாக் அடித்தது, பிழைத்துக்கொண்டேன்.

ஆலையில் என்னைப் போட்ட இடம் சுண்ணாம்புக்கல் குவாரி. பள்ளத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்க ஒரு பம்பு, அதற்கு ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் நான். பேச்சுத்துணைக்கு யாருடையது என்றே தெரியாத ஓர் ஆடு. அது என் சாப்பாட்டில் பாதியைத் தின்னும், மீதியை நான் தின்னும்போது முறைத்துப் பார்க்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், சுண்ணாம்புத் தூசியைப் பொறுக்க முடியாது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதுக்குப் பின்னால், புருவத்தில், மீசையில் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் எனக்குக் காபிக்கு முன்னால் துண்டு கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் பெண்ணின் தாத்தா, "மாப்பிள்ளைக்கு அதுக்குள்ள நரைச்சுப் போச்சே" என்று வருத்தப்பட்டார். வயதும் முப்பதைத் தொட்டுவிட்டது. வீட்டில் என் கல்யாணப் பேச்சை விட்டுவிட்டு, விஷயத்தை ஏலாக்குறிச்சி மாதாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மின்பிரிவுக்கு இன்ஜினியராக ஜபருல்லா சார் வந்தார். லப்பைக்குடிக்காடு அவருக்குச் சொந்த ஊர். சவுதியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் பல வருஷம் மோட்டார்களோடு இருந்துவிட்டு, வீட்டுச் சோறு வேண்டும் என்று திரும்பி வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். மில் ஓடும் இரைச்சலுக்கு நடுவிலும், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரிதான் பேசுவார். யாருக்கும் ஒன்றும் கேட்காது. எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்போம். அவர் போனதும் கூடி நின்று, என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்போம்.

எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார், மோட்டாரையும் சேர்த்து. "இருங்க, இருங்க, அவசரப்படாதீங்க" என்று சொன்னால் அது என்னிடமா மோட்டாரிடமா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுவிட்சில் கை வைக்குமுன் "பிஸ்மில்லா" சொல்வார். மீட்டரில் ஏதாவது வினோதமாகக் காட்டினால் ஒரே ஒரு பாடம்தான் நடத்துவார்: "மீட்டரை நம்புங்க. மீட்டர் வயரை நம்பாதீங்க."

எங்கள் ஆலையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டிய மோட்டார்கள் எல்லாம் டி.சி. மோட்டார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் டேக்கோ என்று ஒரு சின்ன உருளை மாட்டியிருக்கும். மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று அளந்து, கன்ட்ரோல் பேனலுக்குச் சொல்வது மட்டும்தான் அதற்கு வேலை. அதை நாங்கள் மாப்பிள்ளை என்போம். பின்னால் ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், பாரம் எதையும் இழுக்காது, துளி தூசி பட்டால் முறுக்கிக்கொள்ளும். அது முறுக்கிக்கொண்டால், மோட்டார் சுற்றவே இல்லை என்று நினைத்துப் பேனல் மேலும் மேலும் கரண்டைக் கொடுத்து விரட்டும். பிறகு பயந்துபோய்த் தானே நின்றுவிடும், மில்லும் நின்றுவிடும். சிமெண்ட் ஆலையில் தூசி இல்லாத இடம் ஏது? மாதம் முழுக்க எங்கேயாவது ஒரு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டுதான் இருக்கும்.

அவற்றைச் சமாதானம் செய்வதற்கென்றே இருந்தவர் ஃபோர்மேன் கலியபெருமாள் அண்ணன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பை. டேக்கோவைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, ஊதி, துடைத்து, பேசி, மறுபடி ஓட வைப்பார். தூசி போகாமல் இருக்கத் தன் பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் சட்டை தைத்து மாட்டியிருந்தார். சிவப்புக் கரை, நீலக் கரை, பச்சைக் கரை என்று கரையை வைத்தே எந்த மோட்டாரின் டேக்கோ என்று சொல்லிவிடுவார். டேக்கோ படுத்துவிட்டால் மேனேஜரே அவருக்கு ஜீப் அனுப்புவார். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையை வெளியே தொங்கப் போட்டு வருகிற அழகைப் பார்க்க வேண்டுமே! மந்திரி தோற்றார்.

ஜபருல்லா சார் வந்து சில வாரத்தில், வழக்கமான மெல்லிய குரலில், "டேக்கோ எல்லாத்தையும் கழட்டிடலாம்" என்றார். அன்றைக்கு மட்டும் அவர் பேசியது கலியபெருமாள் அண்ணனுக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது.

"கழட்டிட்டா மோட்டாரு என்னா வேகத்துல சுத்துதுன்னு யாருங்க சார் சொல்றது?"

"மோட்டாரே சொல்லும், பெருமாளு."

"மோட்டாரு பேசுமாங்க?"

மறுநாள் சார் தன் வீட்டு டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். சவுதியில் வாங்கியது, அவர் வீட்டில் விருந்தாளியைவிட மரியாதையாக வைத்திருந்தது. அதன் மூடியைக் கழற்றி, பாட்டு ஓடும்போதே உள்ளே சுற்றும் சின்ன மோட்டாரின் சக்கரத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தச் சொன்னார். கலியபெருமாள் அண்ணன் அழுத்தினார். பாடகரின் குரல் ஒரு கணம் எருமை மாதிரி இழுத்தது. விரலை எடுப்பதற்குள் தானாகவே சரியாகிப் பழைய வேகத்தில் பாடியது.

"இதுல டேக்கோ எங்க இருக்குங்க?" என்று சார் கேட்டார்.

அண்ணன் டேப்ரெக்கார்டரைக் குப்புறப் போட்டும் மல்லாக்கப் போட்டும் பார்த்தார். டேக்கோ இல்லை.

சார் சொன்ன விளக்கம் எனக்குப் புரிந்தவரை இதுதான். சைக்கிள் டைனமோவைச் சுற்றினால் கரண்ட் வருகிறது. மோட்டாரும் உள்ளுக்குள் டைனமோதான். நாம் கரண்ட் கொடுத்து அதைச் சுற்ற வைக்கிறோம். சுற்ற ஆரம்பித்ததும் அதுவும் தன் பங்குக்கு ஒரு வோல்ட்டேஜை உண்டாக்கி நம்மை எதிர்த்து நிற்கும். அதுதான் பேக் வோல்ட்டேஜ். எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுக்கு எதிர்க்கும். எதிர்ப்பை அளந்துவிட்டால் வேகம் தெரிந்துவிடும், பின்னால் ஒரு மாப்பிள்ளை தேவையில்லை.

"எதுத்துப் பேசுறதை வச்சே ஆளை எடை போடுறீங்க" என்றார் கலியபெருமாள் அண்ணன். பாவம், குரல் உடைந்திருந்தது.

இந்த வேலைக்கு உதவியாக ஓர் ஆள் வேண்டும் என்று சார் கேட்டார். அன்றைக்குக் கையில் வேலை இல்லாமல் இருந்த ஒரே ஆள் நான், குவாரியில் தண்ணீர் வற்றியிருந்தது. இப்படித்தான் தகரக் கொட்டகையிலிருந்து பேனல் அறைக்கு வந்து சேர்ந்தேன். பேனல் அறை ஏசி அறை. அந்த ஏசி எங்களுக்காகப் போட்டதில்லை, பேனலுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் அட்டைகள் சூடாகாமல் இருக்கப் போட்டது. ஆனால் அந்த விவரத்தை எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. "பையன் ஏசி ரூம்ல வேலை பாக்குறான்" என்று அம்மா தொடங்கிவைத்தது, பஸ் ஏறி ஏலாக்குறிச்சிக்குப் போய்விட்டது.

ஏலாக்குறிச்சியில் சவரிமுத்து என்று ஒரு விவசாயி. அவருடைய இளைய மகள் லூர்து மேரி. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், என் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. பெண்ணுக்கும் என்னைப் பிடித்திருந்ததாம். எனக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை, என் வாய் மூடாமல் இருந்ததைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். ஆனால் பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"மூத்த பொண்ணுக்கு பேங்க்ல வேலைன்னு சொல்லித்தான் கட்டி வச்சாங்க. போய்ப் பாத்தா பேங்க் வாசல்ல டீக்கடை. அவரு நல்ல மனுஷன்தான், டீயும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தத் தடவை நான் அந்த ஏசி ரூமைக் கண்ணால பாத்துட்டுத்தான் தேதி குறிப்பேன்."

ஆலைக்குள் வெளியாட்களை விடும் நாள் வருஷத்தில் ஒன்றே ஒன்று, ஆயுதபூஜை. அன்றைக்கு வாங்க என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் மேனேஜர் தன் நிபந்தனையைச் சொன்னார். "இரண்டாம் நம்பர் மில்லோட தூசி இழுக்குற ஃபேன்ல உங்க வித்தையைப் பண்ணுங்க. ஆயுதபூஜை அன்னைக்கு நல்ல நேரத்துல, எல்லார் முன்னாடியும் நானே சுவிட்ச் போடுறேன். ஓடுச்சுன்னா எல்லா மோட்டாருக்கும் பண்ணலாம். ஓடலன்னா பழையபடி டேக்கோவை மாட்டிட்டு ஆரோக்கியத்தைக் குவாரிக்கு அனுப்பிடுங்க. அங்க மறுபடி தண்ணி ஏறிடுச்சாம்."

ஆக, விசிறி சுற்றினால் கல்யாணம், சுற்றாவிட்டால் ஆடு.

அளக்கும் வேலையை அன்றிலிருந்து நான் ஜெபம் சொல்வதுபோல் செய்தேன். முதலில் மோட்டாரை ஓடவிட்டு, அதன் முனையில் வோல்ட்டேஜையும் உள்ளே போகும் கரண்டையும் பார்ப்போம். அந்த வோல்ட்டேஜ் முழுவதும் பேக் வோல்ட்டேஜ் இல்லை. போகிற வழியில் மோட்டாரின் கம்பிச்சுருள் கொஞ்சத்தைத் தின்றுவிடும், என் சாப்பாட்டை அந்த ஆடு தின்ற மாதிரி. கரண்ட் கூடினால் கூடத் தின்னும், சூடு ஏறினால் இன்னும் கொஞ்சம் தின்னும். அதைக் கணக்குப் பண்ணிக் கழிக்க வேண்டும். கழித்தது சரிதானா என்று பார்க்க சார் ஒரு வழி வைத்திருந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே சப்ளையை வெட்டிவிடுவது. விசிறி கனமானது, உடனே நிற்காது, வந்த வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கரண்ட் இல்லாததால் தின்பதற்கு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் மீட்டர் காட்டுவது கலப்படமில்லாத பேக் வோல்ட்டேஜ்.

அந்த நொடியில் கலியபெருமாள் அண்ணன் மோட்டார் தண்டின் முனையில், வேகம் அளக்கும் கைக்கருவியின் ரப்பர் மூக்கை அழுத்தி வேகத்தைக் கத்த வேண்டும். நான் வோல்ட்டேஜைக் கத்த வேண்டும். சார் இரண்டையும் பேனல் கதவில் சாக்பீஸால் எழுதுவார். பக்கத்தில் முதல் மில் இரைந்துகொண்டிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவதைப் பார்த்து, பங்காளிச் சண்டை என்று நினைத்து லோடுமேன்கள் விலக்கிவிட ஓடி வந்தார்கள். சார் நிதானமாக, "இன்னொரு தடவை" என்பார். அதாவது, அப்படிச் சொல்லியிருப்பார் என்று நாங்கள் யூகித்துக்கொள்வோம்.

எத்தனை தடவை செய்தாலும் வேகம் பாதியானால் வோல்ட்டேஜும் பாதியானது. கடைசியில் கலியபெருமாள் அண்ணனே கைக்கருவியைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுதுங்க சார். மோட்டாரு சொல்லத்தான் செய்யுது" என்றார். பச்சைக்கரைச் சட்டை போட்ட டேக்கோவைத் தானே கழற்றி, இரண்டு கையாலும் ஏந்தித் தன் அறைக்கு எடுத்துப் போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் முதுகைப் பார்த்ததும் கஷ்டமாகவும் இருந்தது.

ஆயுதபூஜை வந்தது. ஆலை முழுவதும் கழுவி, துடைத்து, வாழைக்கன்று கட்டி, எண்ணெய் வாசனையோடு சந்தன வாசனையும் அடித்தது. ஸ்பேனர் முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். அந்த விசேஷத்தில் மைக் பிடிப்பது எப்போதும் கலியபெருமாள் அண்ணன்தான். வருஷா வருஷம் அவர் சொல்லும் அறிவிப்பு எல்லோருக்கும் மனப்பாடம்: "பூஜை போட்ட எந்தப் பொருளையும் நாளைக் காலை மறுபூஜை முடியுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. தொட்டா அந்த மெஷினு வருஷம் பூரா படுத்தும்."

சவரிமுத்துப் பெரியவர் காலையிலேயே பஸ்ஸில் வந்து இறங்கினார். கொளுத்துகிற வெயிலில் கழுத்தில் கம்பளி மஃப்ளர் சுற்றியிருந்தார். ஏசி என்றால் குளிருமே என்று பெண்ணின் அம்மா கொடுத்து விட்டதாம். பேனல் அறைக்குக் கூட்டிப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தார், மஃப்ளரைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார், ஒரு நிமிஷம் கண்ணை மூடினார்.

"மாப்ள, ரூம் இருக்கு. குளுருது. இது உங்க ரூம்தானே, இன்னைக்கு ஒரு நாளைக்கு உக்காரச் சொன்னதில்லையே?"

"என் ரூம்தாங்க மாமா." இன்னும் ஒரு மணி நேரத்தில் தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பூசாரி விசிறிக்கும் பேனலுக்கும் கற்பூரம் காட்டி முடித்து, அடுத்த ஆலைக்குப் பூஜை செய்ய அரியலூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். புது பேனலின் சுவிட்சுக்கு மட்டும் தொடக்கூடாது என்ற விதியிலிருந்து விலக்கு. மேனேஜர் புதுச்சட்டையோடு விரலை நீட்டி நின்றார். குடும்பம் குடும்பமாக எல்லோரும் சுண்டல் பொட்டலத்தோடு கூடிவிட்டார்கள். ஜபருல்லா சார் "பிஸ்மில்லா" என்றார், நான் சிலுவை போட்டேன், மேனேஜர் சுவிட்சை அழுத்தினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி சிவப்பு.

"ராகுகாலம் வந்துடப் போகுது" என்றார் மேனேஜர்.

நான் மீட்டரை எடுத்து மோட்டாரிலிருந்து வரும் வயரில் வைத்தேன். ஓடாத மோட்டாருக்கு மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். எங்களுடையது முள் மீட்டர். முள் பூஜ்யத்தில் நிற்காமல் இடப்பக்கம் சாய்ந்து, கட்டையில் போய் இடித்து நின்றது. சாரின் பாடம் ஞாபகம் வந்தது: மீட்டர் வயரை நம்பாதே. சட்டென்று மீட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்றிச் செருகினேன். அதே நேரம் சார் வெளியே மோட்டாரிடம் போய், அங்கே வரும் இரண்டு வயரையும் இடம் மாற்றி முறுக்கினார். அவரும் தன் பாடத்தை மறக்காதவர். நான் மாற்றியது அவருக்குத் தெரியாது, அவர் மாற்றியது எனக்குத் தெரியாது. முள் அதே இடப்பக்கம்.

நான் திரும்ப மாற்றினேன். அவரும் திரும்ப மாற்றினார். அதே இடப்பக்கம். மூன்றாம் முறை ஜன்னல் வழியாக அவர் கையைப் பார்த்துவிட்டு, "சார்! மாத்தாதீங்க!" என்று கத்தினேன். அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

"என்ன மாப்ள, எதாச்சும் கோளாறா?" என்று மஃப்ளருக்குள்ளிருந்து பெரியவர் கேட்டார்.

"சும்மா, டெஸ்டிங்குங்க மாமா."

வயர் சரி, மீட்டர் சரி. மீட்டரை நம்பினால் ஒன்றுதான் மிச்சம். கரண்டே கொடுக்காத மோட்டார் தானாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் தலைகீழாக. இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று வெளியே ஓடினேன். டேக்கோ இருந்த இடத்தில் இப்போது மோட்டார் தண்டின் முனை மொட்டையாக நின்றது. கலியபெருமாள் அண்ணன் மனசு கேட்காமல் அதற்கு ஒரு பொட்டு வைத்து, நடுத்துளையில் ஒரு செவ்வந்திப் பூவைச் செருகியிருந்தார். அந்தப் பூ மெதுவாக, சாவதானமாக, பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது.

சார் பார்த்தார், நான் பார்த்தேன். இருவருக்கும் ஒன்றாகப் புரிந்தது. இரண்டு மில்லின் விசிறிகளுக்கும் பொதுவாக ஒரே புகைபோக்கி. லாரிகள் நிற்கின்றன என்று முதல் மில்லை மட்டும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் விசிறி தள்ளும் காற்றில் கொஞ்சம் எங்கள் குழாய்க்குள் திரும்பி வந்து, எங்கள் விசிறியைத் தலைகீழாகச் சுற்றியது. மோட்டார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான் பின்னோக்கிப் போகிறேன் என்று அது சொன்னதும், பேனல் மிரண்டு சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டது. "மாஷா அல்லாஹ், எவ்வளவு கரெக்டா சொல்றீங்க!" என்று சார் மோட்டாரைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது.

காற்று திரும்பி வராமல் இருக்கத்தான் குழாயில் டாம்பர் என்று ஒரு தகட்டுக் கதவு உண்டு. விசிறியை ஓட்டுமுன் அதை மூடி வைப்பது வழக்கம். எப்போதும் மூடுபவர் கலியபெருமாள் அண்ணன். அன்றைக்கு அவர் மைக்கோடு இருந்துவிட்டார். கழுவுவதற்காகத் திறந்த டாம்பர் திறந்தபடியே கிடந்தது. மூடுவதற்கு ஒரு கைப்பிடியை இழுத்தால் போதும். அந்தக் கைப்பிடிக்குப் புதுச் சிவப்புப் பெயின்ட் அடித்து, மூன்று பட்டை விபூதி இட்டு, பெரிய பொட்டு வைத்து, மாலை போட்டு, நுனியில் ஓர் எலுமிச்சம்பழமும் குத்தியிருந்தார்கள்.

நானும் சாரும் அதன் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

"ஆரோக்கியம், நீங்க இழுங்க."

"நான் எப்படிங்க சார்? வேதக்காரன் போய்க் கை வச்சுட்டான்னு ஆயிடும். நீங்க ஆபீசர்."

"நான் கை வச்சா அதைவிடப் பெருசா ஆயிடும். அவங்க பயபக்தியா வச்சது. வேண்டாங்க."

மேனேஜரைப் பார்த்தோம். "மறுபூஜைக்கு முன்னாடி நானே தொட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் மெஷின் பக்கம் வரமாட்டான்" என்றார் அவர். முதல் மில்லை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு லாரி வரிசையைக் கையால் காட்டினார். பூசாரி அரியலூர் பஸ்ஸில் இருந்தார். பெரியவர் ஏசி அறையிலிருந்து வெளியே வந்து, மஃப்ளரும் வேர்வையுமாக, மாலை போட்ட கைப்பிடியையும் அதை வணங்கி நிற்கும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

யாரோ போய்க் கலியபெருமாள் அண்ணனைக் கூட்டி வந்தார்கள். மனசு தாங்காமல் தன் அறையில் டேக்கோவோடு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாராம். நடந்ததைச் சார் சொன்னார். அண்ணன் கையில் ஒட்டியிருந்த பொரியைத் தட்டிவிட்டுக் கைப்பிடியைப் பார்த்தார். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். இன்னும் சற்று நேரம் சும்மா நின்றாலே போதும். ராகுகாலம் வந்துவிடும், டேக்கோ திரும்ப வரும், ஜீப்பின் முன்சீட்டும் வரும், நான் குவாரிக்குப் போவேன். இது அவருக்கும் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது.

அவர் பெரியவர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பொண்ணு குடுக்குறவரா?"

"ஆமாங்க."

"ஏசி ரூமை நம்பியா?"

"ஆமாங்க" என்று பெரியவர் உள்ளதைச் சொன்னார்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைப்பிடியிடம் போய், எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாலையை மேலே ஒதுக்கிவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பு. டாம்பர் 'டமார்' என்று மூடியது.

"அண்ணே! பூஜை போட்டதுண்ணே!" என்று பதறிவிட்டேன்.

"ஏண்டா, என் சைக்கிளுக்கும்தான் பூஜை போட்டிருக்கேன். அப்ப நான் வூட்டுக்கு நடந்தா போறது?"

"நீங்கதானே மைக்குல தொடக்கூடாதுன்னு சொன்னீங்க?"

"அப்படிச் சொல்லலன்னா ஆளாளுக்கு எலுமிச்சம்பழத்தை எடுத்துட்டுப் போயிடுறானுவடா!"

ஜபருல்லா சார் சிரித்த சிரிப்பு, அவர் வாயிலிருந்து வந்து எங்களுக்குக் கேட்ட முதல் சத்தம்.

செவ்வந்திப் பூ வேகம் குறைந்து நின்றது. நான் உள்ளே ஓடினேன். முள் கட்டையை விட்டு நகர்ந்து, பூஜ்யத்துக்கு வந்து உட்கார்ந்தது. மேனேஜர் அழுத்தினார். பச்சை விளக்கு. முள் வலப்பக்கம் ஏற ஆரம்பித்தது, விசிறி முனகி, உறுமி, சீராக இரைந்தது. அண்ணன் டாம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பாரம் ஏற்றினார். டேப்ரெக்கார்டர் மாதிரியே ஒரு கணம் குரல் கம்மி, தானாகச் சரியானது. வேகம் ஏறியதில் பூ பிய்த்துக்கொண்டு பறந்து போய்ப் பெரியவரின் மஃப்ளரில் செருகிக்கொண்டது. அவர் அதை எடுக்கவில்லை. மாதாவே தேதி குறிக்கச் சொல்லிவிட்டதாக நினைத்தாராம். பஸ் ஏறும்வரை பூவோடுதான் நின்றார்.

தை மாதம் ஏலாக்குறிச்சிக் கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்தது. சார் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று யாருக்கும் கேட்காமல் எல்லோரையும் உபசரித்தார். கலியபெருமாள் அண்ணன் கனமான ஒரு பரிசுப் பொட்டலம் கொடுத்தார். குக்கர் என்று நினைத்து லூர்து ஆசையாகப் பிரித்தாள். உள்ளே பச்சைக்கரைச் சட்டையோடு டேக்கோ. பழைய இரும்பு ஏலத்தில் அவரே எடுத்ததாம். "வூட்டுல ஒரு மாப்பிள்ளை போதும்மா, ஆனா இதுவும் இருக்கட்டும். ரெண்டுல எது கம்மியா முறுக்கிக்குதுன்னு பாரு" என்றார். அடுத்த சில வருஷங்களில் எல்லா மோட்டாரிலிருந்தும் டேக்கோக்கள் இறங்கின. அண்ணனுக்கு ஜீப் வருவது நின்றது. ஒரு நாளும் அதற்காக என்னிடம் முகம் சுளித்ததில்லை.

எங்கள் வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளும். லூர்து அந்த டேக்கோவை அதற்கு முட்டுக்கொடுத்தாள். கனமும் அளவும் அதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அண்ணன் வந்துவிடுவார், ரிட்டயர் ஆகிப் பெரம்பலூருக்குக் குடிபோன பிறகும். டேக்கோவுக்குப் பொட்டு வைப்பார், பூ வைப்பார், மேலே ஓர் எலுமிச்சம்பழம் வைப்பார். பிறகு மைக் இல்லாமலே அறிவிப்பார்: "நாளைக் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது." எங்கள் வாசல் கதவு விடிய விடியத் திறந்தே கிடக்கும். நாய் வரும், கொசு வரும். லூர்து திட்டுவாள். அவர் கேட்காத மாதிரி சாப்பிட்டுவிட்டு, போகும்போது எலுமிச்சம்பழத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போவார்.

இரண்டாயிரத்து ஏழில் சித்திரை வெயிலில் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி. நானும் சாரும் சேர்ந்துதான் போய் வந்தோம். சார் அன்றைக்கு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், நான் திரும்பக் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆயுதபூஜை அன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். டேக்கோவில் பொட்டு இருந்தது, பூ இருந்தது, எலுமிச்சம்பழமும் இருந்தது. லூர்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். படுக்கப் போகும்போது பழக்கத்தில் கதவைச் சாத்தப் போனேன்.

"தொடாதீங்க. காலையில பாத்துக்கலாம்" என்றாள்.

கதவைத் திறந்து போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் எழுந்து வந்து பார்த்தால் பொட்டும் பூவும் வைத்தபடியே இருந்தன. எலுமிச்சம்பழத்தை மட்டும் காணவில்லை.